பேட்மேனிடம் காசில்லை, ஸ்பைடர்மேனுக்கு இரண்டு பிள்ளைகள்: இப்போது கொமிக்ஸுக்குள் நுழையலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து எழுதியிருக்கும் தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: படங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவர், இப்போது அப்சலூட் பேட்மேன், அல்டிமேட் ஸ்பைடர்மேன் என்ற புதுக் கொமிக்ஸ் தொடர்களைப் பற்றி எங்கும் ஒரே பேச்சாக இருக்கிறது, பேட்மேன் ஏழையாம், ஸ்பைடர்மேன் கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாராம், பழைய கதை ஒன்றும் தெரியாமல் இதை வாசிக்கலாமா, இல்லை இதெல்லாம் வெறும் வியாபார வித்தையா, முதல் இதழை வாங்கி வைத்தால் பின்னாளில் விலை போகுமா. ஓ.எல். படிக்கும் தன் தம்பிக்கும் சேர்த்துக் கேட்கிறார். கேள்வி மூன்று நான்காகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கிற பயம் இரண்டுதான். ஒன்று, எண்பது வருடக் கதை தெரியாமல் போய் முழித்துக்கொண்டு நிற்போமோ என்பது. மற்றது, இந்த விலைவாசியில் காசு வீணாகுமோ என்பது.

நான் மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன். ராணி கொமிக்ஸ் மாயாவியும் முத்து கொமிக்ஸ் இரும்புக்கை மாயாவியும் அட்டை கிழிந்து, நடுப்பக்கம் இரண்டைக் காணாமல், கைமாறிக் கைமாறி வந்த காலத்திலிருந்து வாசிக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதில் வருடம், பெயர், யார் எழுதினார் யார் கீறினார் என்பதெல்லாம் உறுதியானவை. எது நல்லது எது சுமார் என்பது ஒரு சித்திரக்காரனின் ரசனை. கதையை விடப் பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். பழைய கதை தெரியவேண்டியதில்லை. இந்த இரண்டு வரிசைகளையும் தொடங்கியதே தெரியாதவர்களையும் உள்ளே கொண்டுவரத்தான். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 2023 இல் ஜொனதன் ஹிக்மன் எழுதிய அல்டிமேட் இன்வேஷன் மூலம் தனியான ஓர் உலகத்தை உண்டாக்கி, 2024 ஜனவரியில் அல்டிமேட் ஸ்பைடர்மேனைத் தொடங்கியது. பேட்மேனை வெளியிடும் டீசி நிறுவனம் அதே வருடம் ஒக்டோபரில் அப்சலூட் வரிசையைத் தொடங்கியது: முதலில் பேட்மேன், அதே மாதம் வொண்டர் வுமன், நவம்பரில் சூப்பர்மேன், 2025 இல் ஃபிளாஷ், மார்ஷியன் மேன்ஹன்டர், கிரீன் லான்டர்ன். இவை எல்லாம் பல வருடமாகத் தொடர்ந்து வருகிற பிரதானக் கதையோடு ஒட்டாமல் தனியே ஓடுகிறவை. பழைய ஆட்களுக்கு "ஓ, இவன்தானே அவன்!" என்று ஒரு மேலதிகச் சந்தோசம் கிடைக்கும், அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் கதை விளங்காமல் போகாது.

"பேட்மேனை மாற்றிவிட்டார்கள், கெடுத்துவிட்டார்கள்" என்று புலம்புகிறவர்களுக்கு நம்முடைய ஊரிலேயே பதில் இருக்கிறது. பதினெட்டாம் போர் கூத்துப் பார்க்கப் போகிற சனத்தில் யாருக்குத்தான் துரியோதனன் சாவான் என்று தெரியாது? தெரிந்துகொண்டுதான் விடியவிடியக் களரியை, அதாவது ஆடுகளத்தைச் சுற்றி இருக்கிறார்கள். கூத்தைப் பழக்குகிற இந்த அண்ணாவியார் எப்படி ஆட வைக்கிறார், இந்த முறை வரவு (பாத்திரம் ஆடிக்கொண்டு களரிக்கு வருவது) எப்படி, அதுதான் பேச்சு. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் இராவணேசன் நாடகத்தை மேடையேற்றினார், பிறகு பேராசிரியர் மௌனகுரு அதையே மட்டக்களப்பில் புதுக்கிப் போட்டார்; வில்லனாக நிற்க வேண்டிய இராவணன் அங்கே நடுவில் வந்து நிற்கிறான். இராமாயணம் கெட்டுப்போய்விட்டது என்று யாரும் எழும்பிப் போகவில்லை. சூப்பர்ஹீரோ கொமிக்ஸும் 1938 இல் சூப்பர்மேன், 1939 இல் பேட்மேன் வந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கேட்க வேண்டியது, மாற்றினார்களா என்பதை அல்ல. ஒன்றை மாற்றிய பிறகு அதன் விளைவைக் கடைசிவரை ஒழுங்காகத் தொடர்ந்தார்களா என்பதைத்தான். அட்டையில் மட்டும் மாற்றிவிட்டு மூன்றாவது இதழில் பழையபடி வந்து நிற்கிற கதைகள் ஏராளம். அவைதான் வியாபார வித்தை.

அந்த அளவுகோலில் அப்சலூட் பேட்மேன் தேறிவிட்டது என்றுதான் சொல்வேன். எழுதுவது ஸ்கொட் ஸ்னைடர், கீறுவது நிக் டிராகொட்டா. இங்கே புரூஸ் வெய்னுக்கு (பேட்மேனின் நிஜப் பெயர்) மாளிகை இல்லை, வேலைக்காரர் இல்லை. அப்பா ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர்தான் சுடப்பட்டுச் சாகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். புரூஸ் நகரத்துக்கு வேலை செய்கிற பொறியியலாளர். "காசு இல்லாத பேட்மேன் என்ன பேட்மேன்" என்று கேட்கிறவர்கள் கவனிக்காத விசயம் இதுதான்: காசு போன இடத்தில் எழுத்தாளர் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இந்த ஊரின் பாலம் எங்கே பலவீனம், எந்தக் கட்டடத்துக்குள் எப்படிப் போகலாம் என்பது இவனுக்குக் கைப்பாடம், ஏனென்றால் அது அவன் தொழில். பழைய கதையில் வேலைக்காரராக வருகிற அல்ஃபிரட்டும் இருக்கிறார், ஆனால் தேத்தண்ணி கொண்டுவருகிறவராக அல்ல, இவனைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட உளவாளியாக. பழைய கதையில் வில்லன்களாக வந்த ஆட்கள் பலர் இங்கே புரூஸின் சின்ன வயதுக் கூட்டாளிகள். இது ஒன்றே எனக்குப் போதும். ஒவ்வொருவரும் எப்போது கெடப்போகிறார்கள், கெடுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வைக்கிறது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். டிராகொட்டா இந்த உருவத்தை எப்படிக் கீறியிருக்கிறார் என்று பாருங்கள். சாதாரணமாகப் பேட்மேன் என்றால் ஒல்லியான நிழல், கூரை மேல் குந்தியிருக்கும், போர்வை பறக்கும். இங்கே தோள் கட்டத்துக்குள் அடங்காது, தலை சின்னதாகத் தெரியும், உடம்பு ஒரு சுவர் மாதிரி. நெஞ்சில் இருக்கிற வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரி. முகமூடியின் காது இரண்டும் கத்தி. உடுப்பு முழுக்க ஆயுதப் பெட்டி. எங்களிடம் படிக்கிற பெடியன்கள் இதைப் பார்த்துவிட்டுத் தசையைப் பெரிதாகக் கீறத் தொடங்குகிறார்கள், அது சரியாக வராது, ஏனென்றால் பெரிதாகத் தெரிவது தசையால் இல்லை. பக்கத்தில் நிற்கிற ஆள், கதவு, வாகனம் எல்லாவற்றையும் அவர் சின்னதாக வைக்கிறார், பார்வைக் கோட்டைக் கீழே இறக்குகிறார். நாம் நிலத்தில் கிடந்து அண்ணாந்து பார்க்கிற கோணம் அது. இந்த வித்தை விளங்கினால் ஒரு முழுத் தவணைக்கான பாடம் அதில் இருக்கிறது.

குறையும் இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். வன்முறை கடுமை. முதல் இதழிலேயே ஒரு கை துண்டாகிறது. எழுத்தாளருக்குத் தன் கருத்தைப் பாத்திரங்களின் வாயால் விளக்கிச் சொல்கிற பழக்கம் உண்டு, படமே சொல்லிவிட்ட விசயத்தை மூன்று பெட்டி எழுத்தில் திரும்பச் சொல்வார். ஓ.எல். படிக்கிற தம்பிக்கு என்று கேட்டீர்கள். வயது பதினாறு என்றால் கொடுக்கலாம், ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேசையில் விரித்து வைக்காதீர்கள்.

இந்த முழு வரிசையிலும் என் முதல் தெரிவு பேட்மேன் அல்ல, அப்சலூட் வொண்டர் வுமன். எழுதுவது கெலி தொம்சன், கீறுவது ஹேடன் ஷேர்மன், வர்ணம் ஜோர்டி பெலேயர். கொமிக்ஸுக்காகவே கொடுக்கப்படும் ஐஸ்னர் விருதுகளில் 2025 இல் சிறந்த புதிய தொடருக்கான பரிசு இதற்குத்தான் கிடைத்தது. டயானா, அதாவது வொண்டர் வுமன், இங்கே பெண் வீரர்களான அமேசான்களின் தீவில் வளரவில்லை; கைக்குழந்தையாக நரகத்தில் கொண்டுபோய்ப் போடப்படுகிறாள், வளர்ப்பது சூனியக்காரி சேர்சி. அமேசான் என்ற பெயரையே உச்சரிக்கக்கூடாது என்று கட்டளை. இவ்வளவையும் கேட்டால், சரி, இருண்ட கதை, கோபக்காரி, இரத்தம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் வருகிறவள் அன்பானவள். நரகத்தில் பிறரால் வளர்க்கப்பட்ட பிள்ளை அன்பாக வளர்ந்திருக்கிறது என்றால் வளர்த்தவள் எப்படி மாறியிருப்பாள் என்பதுதான் உண்மையான கதை, அதனால் எனக்கு டயானாவை விட சேர்சிதான் மனதில் நிற்கிறாள். முதலில் வேண்டாவெறுப்பாகப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறவள், மெல்ல மெல்லத் தாயாகிறாள். சண்டைக் காட்சிகளுக்கு நடுவில் இதை இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருப்பது சாதாரண வேலை இல்லை.

ஷேர்மனின் பக்கங்களைத் தயவுசெய்து ஃபோனில் பார்க்காதீர்கள். செயலிகளில் ஒவ்வொரு கட்டமாகப் பெருப்பித்துக் காட்டுகிற வசதி இருக்கிறதல்லவா, அது சாதாரண கொமிக்ஸுக்குப் பரவாயில்லை. இவரோ பக்கத்தையே ஒரு உருவமாக அமைக்கிறார். கட்டங்கள் வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று போய், இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ராட்சதன் எவ்வளவு பெரியவன் என்று தெரியும். கட்டம் கட்டமாக வெட்டினால் போச்சு. குறைந்தது ஒரு டேப்லட், முடிந்தால் புத்தகம்.

அப்சலூட் சூப்பர்மேன் எனக்குச் சுமார். ஜேசன் ஆரன் எழுதுகிறார், ரஃபா சண்டோவல் கீறுகிறார். சூப்பர்மேன் பிறந்த கிரகமான கிரிப்டனில் அவனுடைய தாய்தகப்பன் பெரிய விஞ்ஞானக் குடும்பம் இல்லை, உழைக்கிற வர்க்கம். பூமியில் அவன் முதலில் போய் நிற்பது பிரேசிலில் சுரங்கத் தொழிலாளர்களோடு, எதிரே ஒரு பெரிய கம்பனி. யோசனை அருமை. ஆனால் கிரிப்டனுக்கும் பூமிக்கும் மாறிமாறித் தாவிக்கொண்டே இருப்பதால் எந்த இடத்திலும் கால் ஊன்ற விடுவதில்லை. பிடித்தவர்கள் நிறையப் பேர், நான் அந்தப் பக்கம் இல்லை. சூப்பர்மேன்தான் வேண்டும், 2025 இல் ஜேம்ஸ் கன் எடுத்த படம் பிடித்தது என்றால், புதியதை விட்டுவிட்டு கிராண்ட் மொரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி கீறிய ஆல் ஸ்டார் சூப்பர்மேனைத் தேடுங்கள். 2005 முதல் 2008 வரை வந்தது, பன்னிரண்டே இதழ், தொடக்கமும் முடிவும் உள்ள கதை.

மார்ஷியன் மேன்ஹன்டரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. டெனிஸ் காம்ப் எழுத்து, ஹாவியர் ரொட்ரிகஸ் சித்திரம். மனிதர்களின் எண்ணங்கள் நிறநிறப் புகையாக அவர்களிலிருந்து கிளம்புவதைக் காண்கிற ஓர் எஃப்பிஐ (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) அதிகாரியின் கதை. நிறத்தை வைத்துக் கதை சொல்வது எப்படி என்பதற்கு இந்த வரிசையில் இதுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் தொடக்கமே தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் அவர் உயிர் தப்புவதுதான். 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் நடந்ததற்குப் பிறகு நம் ஊரில் பல வீடுகளில் இது வெறும் கதை இல்லை. யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக் கொடுங்கள்.

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். பீட்டர் பாக்கரைச் சின்ன வயதில் சிலந்தி கடிக்க விடாமல் ஒரு வில்லன் தடுத்துவிட்டான். பீட்டர் முப்பத்தைந்து வயது மட்டில், மேரி ஜேன் மனைவி, ஒரு மகன் ஒரு மகள், பத்திரிகையில் வேலை. ஏதோ ஒன்று தன் வாழ்க்கையில் தவறிப்போன மாதிரி ஓர் உணர்வு மட்டும். பிறகு அயன்மேன் கதைகளில் வருகிற டோனி ஸ்டார்க்கிடமிருந்து ஒரு பெட்டி வருகிறது, உள்ளே சிலந்தி, விருப்பம் உன்னுடையது என்று. 1962 இலிருந்து நாம் அறிந்த கதையில் சிலந்தி கடித்தது விபத்து. இங்கே அது ஒரு குடும்பஸ்தன் தெரிந்து எடுத்த முடிவு. பழைய கதையில் செத்துப்போகிற பென் மாமா உயிரோடு இருக்கிறார், அதுவும் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனோடு சேர்ந்து பத்திரிகை நடத்தப் போகிறார்! இந்த இரண்டு கிழவர்களும் கதைத்துக்கொண்டிருக்கிற பக்கங்களை நான் சண்டையை விட ஆசையாக வாசித்தேன். மார்கோ செக்கெட்டோ பிரதான ஓவியர், கோடு அவ்வளவு சுத்தம். நான்காவது இதழ் டேவிட் மெசினா கீறியது, அதில் பெரும்பகுதி இரண்டு சோடிகள் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு பேசுவதுதான். "காசு கொடுத்து வாங்கினால் ஸ்பைடர்மேன் சோறு தின்கிறான்" என்று கடுப்பானவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல இதழ். ஒருவர் மேல் ஒருவர் சந்தேகத்தோடு இருக்கிற முகங்களை மேசையைச் சுற்றியே வைத்துப் பக்கம் பக்கமாகச் சலிக்காமல் காட்டுவது கூரை தாவுவதைக் கீறுவதை விடக் கஷ்டம். ஆனால் நடுப்பகுதியில் கதை இழுபடுகிறது என்ற முறைப்பாடு நியாயம். மாதம் ஓர் இதழ், கதைக்குள்ளும் ஏறத்தாழ ஒரு மாதம் நகரும் என்பது அவர்கள் வைத்த விதி, அதனால் முக்கியமான சண்டையின் பாதி இதழுக்கு இதழ் இடையில் எங்கோ நடந்து முடிந்துவிடுகிறது, நமக்குக் காயம் மட்டும் தெரிகிறது.

இந்த அல்டிமேட் உலகத்தை முடித்துவைப்பதாக மார்வெல் 2025 இல் அறிவித்தது. "முடிகிறதை ஏன் வாங்க வேண்டும்" என்று கேட்காதீர்கள், புதிதாக வருகிறவருக்கு அது நல்ல செய்தி. முடிவு உள்ளதை வாங்கினால் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். அப்சலூட் வரிசை எவ்வளவு தூரம் இப்படியே தாக்குப்பிடிக்கும் என்பது திறந்த கேள்வி. நன்றாக விற்கிற ஒன்றை நீட்டி நீட்டிக் கெடுப்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

இனி காசு. தனி இதழ் ஒன்று 4.99 டொலர் என்று வையுங்கள், டொலர் முந்நூறு ரூபாய்க் கணக்கில் ஆயிரத்தைந்நூறு, தபால் செலவு இல்லாமல். உள்ளே கதை முப்பது பக்கம் வராது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நமக்கு இது சரிவராது. ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துப் போடும் தொகுப்பு வரும்வரை பொறுங்கள். அப்சலூட் பேட்மேன் முதல் தொகுப்பு ஆறு இதழ்களோடு 2025 இல் வந்துவிட்டது. இதை விட மலிவாக, டீசி 2024 இலிருந்து கொம்பாக்ட் என்று சின்ன அளவுப் புத்தகங்கள் போடுகிறது, ஒன்று 9.99 டொலர், நான் சொன்ன ஆல் ஸ்டார் சூப்பர்மேனும் அதில் உண்டு. சின்ன அளவில் வொட்ச்மென் என்ற கொமிக்ஸை மட்டும் வாங்காதீர்கள், ஒன்பது கட்டப் பக்கத்தில் எழுத்து எறும்பாகத் தெரியும். மார்வெலுக்கு அன்லிமிட்டட் என்ற மாதச் சந்தா செயலி இருக்கிறது, புதிய இதழ் கடைக்கு வந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து அதில் வரும். ஸ்பைடர்மேனை அதில் வாசிப்பதுதான் புத்தி. ஸ்கான் பண்ணிய கோப்புகள் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும், அதற்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை, ஆனால் அவற்றில் இரட்டைப் பக்கங்கள் நடுவில் வெட்டுப்பட்டு வரும், நிறம் மங்கும். ஷேர்மனையும் ரொட்ரிகஸையும் அப்படிப் பார்த்துவிட்டுச் சுமார் என்று சொல்லாதீர்கள்.

முதல் இதழை வாங்கி வைத்தால் விலை போகுமா? சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1938 இன் அக்ஷன் கொமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024 இல் ஆறு மில்லியன் டொலருக்குப் போனது, ஏனென்றால் அந்தக் காலத்தில் யாரும் பாதுகாத்து வைக்கவில்லை, மிஞ்சியது கொஞ்சம். 1991 இல் எக்ஸ்மென் புதிய முதல் இதழ் வந்தபோது எல்லோரும் விலை ஏறும் என்று ஐந்து வகை அட்டையையும் வாங்கி உறையில் போட்டு வைத்தார்கள். எண்பது இலட்சம் பிரதிக்கு மேல் அச்சானது, இன்றைக்கும் அது மலிவாகக் கிடைக்கிறது. அப்படி ஊதிப் பெருத்த சந்தை வெடித்த பிறகு 1996 கடைசியில் மார்வெலே வங்குரோத்து மனுப் போட்டது. அப்சலூட் பேட்மேன் முதல் இதழும் பல தடவை மறுபதிப்புப் போனது. முதல் பதிப்புக்கு இப்போது மேலதிக விலை கேட்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த விலை சந்தைப் பேச்சோடு ஏறும், பேச்சோடு இறங்கும். இங்கிருந்து விற்கப்போனாலும் தபாலும், பிரதி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று காட்டும் தரச்சான்றும் இலாபத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு நம்முடைய வாவிக்கரைக் காற்று. மார்கழி மழைக்குத் தாள் தானாக நெளியும், இராமபாணப் பூச்சிக்குப் புத்தகப் பசை என்றால் விருந்து.

ஆகவே நான் வாங்கச் சொல்கிற ஒழுங்கு: முதலில் அப்சலூட் வொண்டர் வுமன் முதல் தொகுப்பு, புத்தகமாக. அது பிடித்தால் பேட்மேன். இடையில் செயலியில் ஸ்பைடர்மேன் முதல் ஆறு இதழ். பிரதானக் கதையிலும் ஒன்று பார்க்க ஆசை என்றால் 2025 செப்டெம்பரில் மட் ஃபிரக்ஷனும் ஹோர்ஹே ஹிமெனஸும் தொடங்கிய பேட்மேன், முதல் இதழில் கில்லர் குரொக் என்ற வில்லனோடு நடப்பதை வாசித்துப் பாருங்கள், அடித்து நொறுக்காமல் ஒரு வில்லனை எப்படிக் கையாளலாம் என்று ஒரே இதழில் முடித்துக் காட்டுகிறார்கள். உங்கள் தம்பி படம் கீறுகிறவர் என்றால் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி டிராகொட்டாவை முதலில் கொடுங்கள். ஒரு பக்கத்தை எடுத்து, ஆட்களைக் கீறாமல் கட்டங்களையும் பின்புலத்தையும் மட்டும் பென்சிலால் பார்த்துக் கீறச் சொல்லுங்கள். கீறியதை இங்கே போட்டால் நான் பார்த்துத் திருத்தித் தருவேன்.